கோப்பையில் விழுவதும் மண்ணில் இருப்பதும்

(பினாங்கில் பள்ளி ஆசிரியர்களுக்கும் இயற்கை ஆர்வலர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

மண்ணுக்குள் வாழும் பூச்சிகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "ஒரு சதுர மீட்டரில் எத்தனை இருக்கும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எதை வைத்து எண்ணினீர்கள் என்று திருப்பிக் கேட்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரே பள்ளித் திடலில் மூன்று முறைகளில் எண்ணினால் மூன்று கணக்கு வரும்.

எல்லாருக்கும் கைவரும் முறை, மண்ணில் கோப்பை புதைப்பது. எட்டு சென்டிமீட்டர் வாயுள்ள பிளாஸ்டிக் கோப்பைகள் இரண்டை ஒன்றுக்குள் ஒன்று வையுங்கள். வெளிக்கோப்பையின் அடியில் ஓட்டை போட்டு நிரந்தரமாக மண்ணில் விட்டுவிடலாம். உள்கோப்பையை மட்டும் எடுத்து எடுத்து வைத்தால் சுற்றியுள்ள மண் கலையாது. விளிம்பு தரைமட்டத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே இருக்கட்டும். நூலளவு மேலே நின்றாலும் வண்டு அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போய்விடும். உள்ளே மூன்றில் ஒரு பங்கு, விழும் பூச்சியைக் கெடாமல் வைக்கும் புரோப்பிலீன் கிளைகால் என்ற திரவத்தை ஊற்றலாம். ஆல்கஹால் நம்மூர் வெயிலில் சீக்கிரம் ஆவியாகிவிடும். ஓர் இரவுக்கு மட்டும் என்றால் உப்புத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு போதும். சோப்பு நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் விழுந்த பூச்சி மிதக்காமல் மூழ்கும். மேலே ஒரு பிளாஸ்டிக் தட்டை நான்கு சாத்தே குச்சிகளில் நிறுத்தி, நான்கு சென்டிமீட்டர் இடைவெளி விட்டுக் கூரையாக்குங்கள். தண்ணீர்மலைப் பூங்காப் பக்கம் வைத்தால் குரங்குகள் பிடுங்கிவிடும். அங்கே கூரையைக் கம்பியால் தரையோடு கட்டித்தான் ஆக வேண்டும்.

பலர் தவறும் இடம் இதற்கு அடுத்தது. குழி தோண்டிய முதல் சில நாட்களில் பூச்சிகள் அளவுக்கு மீறி விழும். கலைந்த மண்ணைத் தேடி எறும்புகளும் மற்றவையும் வருவதுதான் காரணம். ஆகவே புதைத்த கோப்பையை மூடி ஒரு வாரம் சும்மா விடுங்கள். பிறகு திறந்து எண்ணுங்கள்.

அப்படி எண்ணியும், கையில் கிடைப்பது நடமாட்டத்தின் கணக்கு. கொம்தார் பேருந்து நிலையத்தில் நின்று பினாங்கின் மக்கள்தொகையைச் சொல்வது போன்றது அது. இரவெல்லாம் ஓடும் தரைவண்டு பத்து முறை கோப்பையைக் கடக்கும். வேரில் சாறு உறிஞ்சிக்கொண்டு மண்ணுக்கடியிலேயே காலம் தள்ளும் சில்வண்டின் இளம்பூச்சி ஒருமுறைகூட விழாது. புல் அடர்ந்த இடத்தில் நடையே தளர்வதால், புல்தரையையும் வெறுந்தரையையும் கோப்பை எண்ணிக்கையால் ஒப்பிடுவதும் ஏமாற்றும்.

இருப்பதை எண்ண வேண்டுமானால் வெட்டித்தான் பார்க்க வேண்டும். 25 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம், 30 ஆழம் என்பது வெப்பமண்டல நாடுகளில் பரவலாகக் கையாளப்படும் அளவு. முதலில் அந்த நீள அகலத்தில் ஒரு சதுரச் சட்டகத்தைத் தரையில் வைத்து அதற்குள் கிடக்கும் இலைச்சருகைத் தனியாக அள்ளுங்கள். பிறகு சுற்றிலும் பள்ளம் வெட்டி, மண்கட்டியைப் பத்துப் பத்து சென்டிமீட்டராக மூன்று அடுக்காகப் பிரித்து, வெள்ளைத் தட்டில் உதிர்த்துக் கையால் பொறுக்க வேண்டும். வந்த எண்ணை 16 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் கணக்கு. அதிர்வு தெரிந்ததும் ஆழத்தில் வாழும் மண்புழு இன்னும் கீழே இறங்கிவிடும் என்பதால் பள்ளத்தை மெதுவாக அல்ல, வேகமாக வெட்டுங்கள். ஐந்து மீட்டர் இடைவெளியில் குறைந்தது ஐந்து கட்டிகள் வேண்டும். ஒரு கட்டியில் கறையான் சுரங்கம் அகப்பட்டால் சராசரியே தலைகீழாகிவிடும். எனவே ஐந்து எண்களையும் தனித்தனியே எழுதி வையுங்கள். சராசரி மட்டும் எழுதிய அறிக்கையை நான் நம்புவதில்லை.

கண்ணுக்குத் தெரியாத உண்ணிகளுக்கும் துள்ளும் நுண்பூச்சிகளுக்கும் புனல். இத்தாலியரான பெர்லேசி 1905இல் வெந்நீர் உறை சுற்றிய புனலை வெளியிட்டார். சுவீடனின் துல்கிரேன் 1918இல் மின்விளக்கைச் சேர்த்தார். புனலுக்குள் சல்லடைமேல் வைத்த மண் மேலிருந்து காயக் காய, உயிர்கள் ஈரம் தேடிக் கீழே இறங்கி ஆல்கஹாலில் விழும். எல்இடி விளக்கு இங்கே உதவாது. அதில் தேவையான சூடு இல்லை. இழை விளக்கைத் தேடி வாங்குங்கள். 25 வாட் போதும். அவசரப்பட்டு 60 வாட் போட்டால் மண் மேலே ஓடாக இறுகி, உள்ளே இருப்பவை இறங்குமுன் செத்துவிடும். மண்கட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள்: மேல்மண்ணின் அகலமான துளைகள் கீழ்நோக்கி இருந்தால் வெளியேறுவது எளிது. கட்டி புனலின் சுவரைத் தொடக்கூடாது. நம் ஈரக்காற்றில் சுவரில் நீர் வியர்த்து, இறங்கும் உண்ணிகள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். குளிரூட்டிய அறையில் வைத்தால் இந்தத் தொல்லை குறையும். ஐந்து முதல் ஏழு நாள் விடுங்கள்.

கறையானுக்கு இவை எதுவும் சரிவராது. கூட்டமாக வாழ்வதால் கிடைத்தால் ஆயிரம், இல்லாவிட்டால் பூஜ்யம். அதற்கென்று நூறு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலத்தில் ஒரு பட்டை போட்டு, ஐந்து மீட்டருக்கு ஒன்றாக இருபது துண்டாக்கி, ஒவ்வொன்றிலும் இருவர் அரை மணி நேரம் தேடுவார்கள். சருகு, மட்கிய கட்டை, மரத்தின் அடி, மேல்மண் எல்லாம் பார்க்க வேண்டும். கிடைப்பது இனங்களின் பட்டியலும் எத்தனை முறை தென்பட்டன என்பதும்தான், அடர்த்தி அல்ல.

கறையானை அடையாளம் காணப் போர்வீரன், அதாவது கூட்டைக் காக்கும் கறையான், வேண்டும். தொழிலாளிகளை மட்டும் அள்ளிவந்தால் பெரும்பாலும் இனம் சொல்ல முடியாது. நம் வீடுகளைத் தின்னும் கோப்டோடெர்மஸ் கெஸ்ட்ரோயின் போர்வீரனைச் சீண்டினால் நெற்றித் துளையிலிருந்து பால்போல ஒரு துளி வரும். பினாங்கில் மேடு கட்டி வாழும் குளோபிடெர்மஸ் சல்பூரியஸ் இன்னும் விசித்திரம். அதன் போர்வீரனின் வயிறு மஞ்சளாகத் தெரியும்; தலைப்பக்கத்திலிருந்து வயிறு வரை நீண்ட சுரப்பிப் பைகளில் அத்தனையும் பசை. எறும்பு தாக்கும்போது உடலை இறுக்கித் தன்னையே பிளந்துகொள்ளும். வெளிவரும் மஞ்சள் திரவம் உடனே பிசினாகி எறும்பைக் கட்டிப்போடும். இடுக்கியால் பிடித்தாலும் இதே கதைதான்: தட்டில் மிஞ்சுவது மஞ்சள் கறை. ஈரத் தூரிகையின் நுனியில் ஒற்றி எடுத்து நேராக ஆல்கஹாலில் விடுங்கள்.

பிள்ளைப்பூச்சிக்கு மண்வெட்டியே வேண்டாம். எட்டு லிட்டர் தண்ணீரில் மூன்று மேசைக்கரண்டி பாத்திரச் சோப்பைக் கலந்து நான்கு சதுர அடிப் புல்லில் ஊற்றினால், இரண்டு மூன்று நிமிடத்தில் முன்கால் மண்வெட்டிகளோடு மேலே வரும். காய்ந்து இறுகிய தரையில் தண்ணீர் இறங்காது. முதல்நாளே நனைத்து வையுங்கள்.

சிறு பிள்ளைகளுக்கு, மணலில் குழி பறித்து இரை பிடிக்கும் குழிநரி போதும். மலாய்க்காரர்கள் உண்டுர்-உண்டுர் என்பார்களே, அதுதான். கோயில் தாழ்வாரத்திலும் மேடை வீட்டின் அடியிலும் மழை படாத பொடிமணலில் குழியை எண்ணலாம். கைவிட்ட குழிகளும் இருக்கும் என்பதால், சரிவில் நான்கு மணல் துகள்களை உதிர்த்துப் பாருங்கள். உள்ளே ஆள் இருந்தால் பெரும்பாலும் மணலை வீசும்.

ஒவ்வொரு குப்பிக்குள்ளும் சீட்டு போடுங்கள்: இடம், தேதி, ஆழம், முறை. பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். வனக்காப்பகத்தில் தோண்ட வனத்துறையிடமும், பூங்காவில் அதன் நிர்வாகத்திடமும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். அது வரும்வரை பள்ளித் திடலின் ஓரத்தில் ஐந்து கட்டிகள் வெட்டலாம், தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு.