அடுத்து அவர் என்ன செய்வார் என்று கேட்டீர்களா?

நேயர்களுக்கு வணக்கம். ஒரு மகளிர் காவல் நிலையத்தில் ஒரே காலையில் இரண்டு பெண்கள் மனுவோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பெண்ணுக்குக் கையில் மாவுக்கட்டு. கணவர் குடித்துவிட்டு வந்து தள்ளிவிட்டதில் எலும்பு முறிந்துவிட்டது, அரசு மருத்துவமனையில் போட்ட ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியும் கையில் இருக்கிறது. இரண்டாவது பெண்ணின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. சில நாட்களுக்கு முன்பு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார், அன்றிலிருந்து கணவர் தினமும் அவர் வேலை விட்டு இறங்கும் பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்கிறார், ஒரு வார்த்தை பேசுவதில்லை, பார்த்துக்கொண்டே நிற்கிறார். நடுவில் ஒரு வரி வருகிறது: "போன மாசம் கழுத்தைப் பிடிச்சாரு மேடம், கொஞ்ச நேரம் கண்ணு இருட்டிடுச்சு." அதைச் சொன்ன வேகத்திலேயே அடகுக்குப் போன நகையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார். அவருக்கே நகைதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

அன்றைக்கே எஃப்.ஐ.ஆர். போட வாய்ப்புள்ளது முதல் பெண்ணுக்குத்தான். போட வேண்டியதுதான், அதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. இரண்டாவது பெண்ணுக்கு ஒரு மனு ரசீது, கணவருக்குப் போனில் ஒரு அதட்டல், அடுத்த வாரம் இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்து ஒரு கவுன்சிலிங். அதோடு முடிந்துவிடும்.

எனக்கு இரண்டாவது பெண்ணை நினைத்தால்தான் பயம். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் தலை உடைந்து ரத்தம் வழிய நிற்பவரை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, ரத்தமே இல்லாத நெஞ்சு வலிக்காரரை முதலில் உள்ளே கொண்டுபோவார்கள் இல்லையா? யாரும் கோபித்துக்கொள்வதில்லை, எது உயிரை எடுக்கும் என்று அங்கே தெரியும். குடும்ப வன்முறையிலும் எது உயிரை எடுக்கும் என்று ஓரளவு தெரியும். தெரிந்தும் நாம் காயத்தைப் பார்த்துத்தான் அவசரத்தை முடிவு செய்கிறோம்.

கழுத்தை நெரிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 2008இல் வெளிவந்த ஒரு ஆய்வு, துணைவரால் முன்பு ஒரு முறையாவது கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பிறகு அதே ஆளால் கொல்லப்படும் வாய்ப்பு, அப்படி நடக்காத பெண்ணைவிட ஏழு மடங்குக்கு மேல் என்று கண்டது. இதில் சிக்கல் என்னவென்றால் கழுத்தில் பல நேரம் தடமே இருக்காது. குரல் கம்மிப்போவது, விழுங்கும்போது வலி, கண்ணில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள், அந்த நேரத்தில் தன்னை அறியாமல் சிறுநீர் போயிருப்பது, இவைதான் அடையாளங்கள். கழுத்து ரத்தக்குழாய் சேதமாகி நாட்கள் கழித்துப் பக்கவாதம்கூட வரலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 ஜூனிலிருந்து கழுத்தை நெரிப்பதே தனிக் குற்றம், காயம் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. நம் ஊரில் "கழுத்தைப் பிடித்தார்" என்பது மனுவின் நடுவில் ஒரு வரி.

இந்த வரிகளை நடுவிலிருந்து மேலே கொண்டுவரும் வேலைக்குத்தான் ஆபத்து மதிப்பீடு என்று பெயர். இதை முதலில் ஒழுங்காகச் செய்தவர் ஒரு நர்ஸ். ஜாக்குலின் கேம்ப்பெல் என்ற அமெரிக்கர், பிறகு பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1980களின் நடுவில் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது கேள்விகள்கூட இல்லை, கூடவே கொடுக்கும் காலண்டர். கடந்த ஒரு வருஷக் காலண்டரை அந்தப் பெண் கையில் கொடுத்து, அடி விழுந்த நாட்களைக் குறிக்கச் சொல்வார்கள், ஒவ்வொன்றும் எவ்வளவு கடுமை என்றும் எழுதச் சொல்வார்கள். "எப்பவாவது அடிப்பார்" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்தவர், குறித்து முடித்ததும் அந்தத் தாளைத் தானே திரும்பப் பார்க்கிறார். தீபாவளி, பிள்ளையின் பிறந்தநாள், சம்பள நாள் என்று நினைவு வரும்போது கணக்கு மாறிவிடும்.

ஏன் இதெல்லாம், அந்தப் பெண்ணுக்கே தெரியாதா என்று கேட்பீர்கள். கேம்ப்பெல் குழு அமெரிக்காவின் 11 நகரங்களில் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், கொல்லப்பட்ட பெண்களிலும் கொலை முயற்சியில் தப்பிய பெண்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேர்தான் அந்த ஆளால் தன் உயிருக்கு ஆபத்து என்று முன்கூட்டி உணர்ந்திருந்தார்கள். மற்றவர்களுக்கு அது தோன்றவே இல்லை. அதனால் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று ஒரு பெண் சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டும். "அவர் அப்படியெல்லாம் பண்ண மாட்டார்" என்று சொன்னால் அதோடு விட்டுவிடக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே ஆள் ஒரே மேசையில் செய்ய வேண்டியிருக்கிறது, அதுதான் இந்த வேலையின் கஷ்டம்.

கேம்ப்பெலின் கேள்விகளைச் சுருக்கி மேரிலாந்து மாநிலப் போலீஸ்காரர்களுக்காக 11 கேள்விகளாக்கினார்கள். சம்பவ இடத்திலேயே கேட்டுவிடலாம். ஆயுதத்தைக் காட்டினாரா, உன்னையோ பிள்ளையையோ கொன்றுவிடுவேன் என்றாரா, அவர் உன்னைக் கொல்லக்கூடும் என்று நீ நினைக்கிறாயா. இந்த மூன்றில் ஒன்றுக்கு "ஆமாம்" வந்தாலே போதும், மீதியைக் கூட்டிப் பார்க்கத் தேவையில்லை, போலீஸ்காரர் அங்கேயே தன் போனிலிருந்து உதவி மையத்தைக் கூப்பிட்டு அந்தப் பெண்ணிடம் பேசச் சொல்வார். கேள்வி கேட்டதோடு நிற்காமல், பதிலுக்குப் பின்னால் ஒரு வேலை கட்டாயமாக வருகிறது. அது இல்லையென்றால் கேள்வித்தாள் வெறும் காகிதம், ஃபைலில் இன்னொரு பக்கம்.

காகிதம் ஆகும் அபாயம் எல்லா ஊரிலும் உண்டு. இங்கிலாந்தில் 2009இலிருந்து 27 கேள்விகள் கொண்ட பட்டியலை வைத்திருந்தார்கள், நாளடைவில் போலீஸ்காரர்கள் டிக் அடித்துக் கூட்டிப் பார்ப்பதே வேலை என்று ஆகிவிட்டது என்ற விமர்சனம் வந்து, முதலில் போய்ச் சேரும் போலீஸுக்கென்று வேறு கேள்விமுறையைக் கொண்டுவந்தார்கள். ஸ்பெயின் இன்னும் பெரிய பாடம். அங்கே 2007இலிருந்து வியோஹென் என்ற கணினி அமைப்பு இருக்கிறது. போலீஸ் பதில்களை உள்ளிட்டால் ஆபத்தின் அளவை அது சொல்லும், அதற்கேற்ற பாதுகாப்பு தொடங்கும், உச்ச ஆபத்து என்றால் 72 மணி நேரத்துக்குள் மறுபடி மதிப்பிட வேண்டும். கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் "குறைந்த ஆபத்து" என்று அந்தக் கணினி சொல்லி வீட்டுக்கு அனுப்பிய பெண்கள் பிறகு கொல்லப்பட்டிருக்கிறார்கள். கணினி சொன்ன அளவை உயர்த்தப் போலீஸுக்கு அதிகாரம் உண்டு, பெரும்பாலும் உயர்த்துவதில்லை. மெஷினே சொல்லிவிட்டது, நான் யார் மாற்ற? நம் அலுவலகங்களுக்கும் இந்த மனநிலை புதிதில்லை என்பதால் சொல்கிறேன், நாளைக்கு யாராவது "ஆப் போட்டுவிட்டோம், பிரச்சினை தீர்ந்தது" என்று வந்தால் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

சரி, நம் ஊருக்கு வருவோம். பலருக்குத் தெரியாத செய்தி, நம் சட்டத்திலேயே இது இருக்கிறது. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபோது கூடவே விதிகளும் வந்தன. அந்த விதிகளில் ஐந்தாம் படிவம் என்று ஒன்று, பாதுகாப்புத் திட்டம் என்பது அதன் பெயர். நிலைமையில் உள்ள ஆபத்துகளை மதிப்பிட்டு, அந்தப் பெண்ணோடு கலந்து பேசி, இந்தச் சட்டத்துக்காக அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலர் இதைத் தயாரிக்க வேண்டும். என்ன வன்முறை நடந்தது, அதனால் என்ன ஆனது, இனி என்ன நடக்கும் என்று அவர் அஞ்சுகிறார், பாதுகாப்புக்கு என்ன தேவை, நீதிமன்றத்தில் என்ன உத்தரவு கேட்கிறார் என்று அதில் கட்டங்கள் உண்டு. முதலாம் படிவமான டி.ஐ.ஆரை, அதாவது குடும்ப வன்முறைச் சம்பவ அறிக்கையை, எல்லோரும் எழுதுகிறார்கள், அது நடந்ததைப் பற்றியது. ஐந்தாம் படிவம் நடக்கப்போவதைப் பற்றியது, அதைத்தான் அவசரமாக நிரப்புகிறார்கள் அல்லது விட்டுவிடுகிறார்கள். ஆபத்தை மதிப்பிடு என்று சொல்லும் விதி, எப்படி மதிப்பிடுவது, எந்தப் பதில் வந்தால் அன்றைக்கே ஓட வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த ஓட்டையை அடைப்பதுதான் இப்போது செய்ய வேண்டிய வேலை, அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை.

ஆனால் வெளிநாட்டுக் கேள்வித்தாளை மொழிபெயர்த்துக் கொடுத்தால் போதாது. அங்கே துப்பாக்கியைப் பற்றிக் கேட்கிறார்கள், இங்கே மண்ணெண்ணெயும் பெட்ரோலும் பூச்சிமருந்தும் அரிவாளும். "எப்போதாவது உங்கள் மேல் எண்ணெய் ஊற்றியிருக்கிறாரா, தீப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு மிரட்டியிருக்கிறாரா" என்று நேராகக் கேட்க வேண்டும். ஸ்டவ் வெடித்தது என்று சொல்லிக்கொண்டு தீக்காயப் பிரிவுக்கு எத்தனை பெண்கள் வந்தார்கள் என்பது நமக்கு நன்றாகத் தெரியும். அங்கே கணவர் ஒருவரைப் பற்றி மட்டும் கேட்டால் போதும், இங்கே மாமியார், நாத்தனார், கொழுந்தன் எல்லோரைப் பற்றியும் கேட்க வேண்டும், அந்த வீட்டில் உங்கள் பக்கம் பேச ஒருவராவது உண்டா என்பதையும். "நானும் சாவேன், உங்களையும் சாகடிப்பேன்" என்று கணவர் சொல்வதை நாம் பாசமாகவோ குடிகாரன் பேச்சாகவோ எடுத்துக்கொள்கிறோம், அது ஒரு பெரிய எச்சரிக்கை. அப்புறம், அந்தப் பெண்ணுக்கே செத்துவிடலாம் என்று தோன்றியிருக்கிறதா என்று கேட்க வேண்டும், இங்கே கொலைக்கு நிகராக அந்த வழியிலும் உயிர்கள் போகின்றன.

இன்னொன்று, தாய்வீடு. "அம்மா வீட்டுக்குப் போய் கொஞ்ச நாள் இரும்மா" என்பது எல்லோரும் சொல்லும் பாதுகாப்புத் திட்டம். சாதி மாறிக் கல்யாணம் செய்த பெண்ணுக்கு அதுவே ஆபத்தின் இடமாக இருக்கலாம். இப்படிப்பட்ட தம்பதிகளுக்கு மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் பாதுகாப்பு இல்லமும் வேண்டும் என்று சக்தி வாகினி என்ற தொண்டு நிறுவனம் தொடுத்த வழக்கில் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. யார் வீட்டிலிருந்து ஆபத்து என்று கேட்காமல் எந்த வீட்டுக்கும் யாரையும் அனுப்பக் கூடாது.

கேட்கும் விதமும் முக்கியம். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருக்க, அந்தப் பெண் தலையை ஆட்டிக்கொண்டிருந்தால் அது மதிப்பீடே இல்லை. தனியறை, தனியாக, போனை அணைத்துவிட்டு. கட்டாயப்படுத்தி உறவு வைத்துக்கொள்கிறாரா என்பது கொலை அபாயத்தோடு தொடர்புள்ள கேள்வி, அண்ணனுக்கு முன்னால் அதற்கு யார் பதில் சொல்வார்? இதே காரணத்துக்காகத்தான், கழுத்து நெரிப்பும் கொலை மிரட்டலும் உள்ள வழக்கில் இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துச் சமரசம் பேசுவதை நான் எதிர்க்கிறேன். அங்கே அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் வீட்டில் கணக்குத் தீர்க்கப்படும்.

நாளைக்கே மாற்றக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். பெண் வீட்டை விட்டுக் கிளம்பிய பிறகுதான் ஆபத்து கூடும் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன, "அதான் வந்துட்டியே, இனி என்ன பயம்" என்று நாம் சொல்வதற்கு நேர் எதிர். அதில் ஒரு குறிப்பிட்ட நாள் உண்டு, கணவர் கையில் கோர்ட் நோட்டீஸ் போய்ச் சேரும் நாள். குடும்ப வன்முறைச் சட்டப்படி விசாரணைத் தேதி பற்றிய நோட்டீஸை மாஜிஸ்ட்ரேட் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுக்க, அவர் பொதுவாக இரண்டு நாளுக்குள் சேர்ப்பிக்க வேண்டும். அதாவது, எந்த நாள் என்று அரசாங்கத்துக்கு முன்கூட்டியே தெரியும். அந்தப் பெண்ணுக்குத்தான் தெரியாது. நோட்டீஸ் போவதற்கு முன்னால் ஒரு போன், "இன்று மாலை கொடுக்கிறோம், இரண்டு நாள் இடம் மாறி இருங்கள், பிள்ளையின் பள்ளியில் சொல்லி வையுங்கள்". அந்த ஏரியா மகளிர் காவல் நிலையத்துக்கு இன்னொரு போன். இதற்கு எந்த பட்ஜெட்டும் வேண்டாம். அதே நாளில் பிரிவு 23இன் கீழ் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவும் கையில் இருந்தால் இன்னும் நல்லது. உத்தரவை மீறினால் பிரிவு 31 படி ஓராண்டு வரை சிறை, ஜாமீனில் வர முடியாத குற்றம் என்பதைப் போலீஸுக்கே நினைவூட்ட வேண்டியிருக்கும்.

ஒரு முறை மதிப்பிட்டு மூடிவிடுகிற விஷயமும் இல்லை இது. கணவருக்கு வேலை போனால், பிள்ளை யாருக்கு என்று வழக்கு வந்தால், அவர் ஜாமீனில் வெளியே வந்தால், இவர் கர்ப்பமானால் மறுபடி கேட்க வேண்டும். வேல்ஸில் உள்ள கார்டிஃப் நகரில் 2003இல் தொடங்கிய ஒரு வழக்கம் உண்டு. அதிக ஆபத்து உள்ள ஒவ்வொரு பெண்ணைப் பற்றியும் போலீஸ், மருத்துவமனை, வீட்டுவசதி, குழந்தைகள் நலம் என்று எல்லாத் துறை ஆட்களும் ஒரே அறையில் உட்கார்ந்து அவரவருக்குத் தெரிந்ததைச் சொல்வார்கள். நம் மாவட்டத்திலும் சமூக நலத்துறை, மகளிர் காவல் நிலையம், ஒருங்கிணைந்த சேவை மையம், அரசு மருத்துவமனை நான்கும் இருக்கின்றன, ஏ.ஆர். பதிவேட்டில் ஒரே பெண் மூன்று முறை "வழுக்கி விழுந்து" வந்திருப்பது மருத்துவமனைக்கு மட்டும்தான் தெரியும்.

கடைசியாக வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி, வன்முறையை அனுபவித்த பெண்களில் 100இல் 14 பேர்தான் யாரிடமாவது உதவி கேட்டிருக்கிறார்கள். அந்தப் பதினான்கில் நீங்களும் ஒருவராகப் போய் பெண்கள் உதவி எண் 181க்கோ அவசர எண் 112க்கோ பேசினால், அல்லது மனு எழுதினால், கதையை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டாம். கழுத்தை நெரித்தாரா, கொன்றுவிடுவேன் என்றாரா, எண்ணெயோ ஆயுதமோ எடுத்தாரா, பின்தொடர்கிறாரா, நீங்கள் பிரிந்து வந்து எத்தனை நாள். இவற்றை முதல் வரியில் சொல்லுங்கள், நகையும் சீரும் சண்டை தொடங்கிய காரணமும் அப்புறம் வரட்டும். மனுவில் இந்த வரிகள் இருக்கின்றனவா என்று ரசீது வாங்குவதற்கு முன் ஒரு முறை படித்துப் பாருங்கள். எழுதாமல் விட்டிருந்தால் எழுதச் சொல்லிக் கேளுங்கள். வணக்கம்.