அன்னா கரேனினாவுக்குப் பின்னால இருந்த நிஜ மனுஷங்க

[செட்டிநாடு ரயில்வே ஸ்டேஷன், ஆளில்லாத பிளாட்பாரம்]

வணக்கம் மக்களே, கானாடுகாத்தான் பக்கத்துல செட்டிநாடு ஸ்டேஷன்ல நின்னு பேசுறேன், ஏன்னா இன்னைக்குக் கதை ஸ்டேஷன்ல ஆரம்பிச்சு ஸ்டேஷன்லயே முடியுது. ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயோட நாவல், அன்னா கரேனினா. புருஷன் பெரிய அதிகாரி, இன்னொருத்தர் மேல காதல், கடைசில ரயில் முன்னாடி விழுந்துடுறா, இவ்வளவு எல்லாருக்கும் தெரியும்.

நிஜத்துல விழுந்தது அன்னா பிரோகோவா. 1872 ஜனவரி, யாசென்கி ஸ்டேஷன். டால்ஸ்டாயோட பக்கத்து நிலக்காரர் பிபிகோவ் கூட வாழ்ந்தவங்க, கட்டுன பொண்டாட்டி கூட இல்ல. அந்த மனுஷன் பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்ல வந்த டீச்சரைக் கட்டிக்கப் போறார்னு தெரிஞ்சதும், கையில ஒரு துணி மூட்டையோட போய் கூட்ஸ் வண்டி முன்னாடி விழுந்துட்டாங்க. டால்ஸ்டாய் நேர்ல போய் அந்த உடம்பைப் பார்த்தார், அடுத்த வருஷம் எழுத உக்காந்தார். நாவல்ல அன்னா கையில இருக்குற சிவப்புப் பை அந்த மூட்டைதான்னு நான் நினைக்கிறேன்.

நாவல் அன்னாவோட முகஜாடை வேற ஆளோடது. கவிஞர் புஷ்கினோட மக மரியா ஹார்ட்டுங், பிடரியில சுருண்டு கிடக்குற முடி அவங்ககிட்ட இருந்து வந்தது.

[ஓலைக் கொட்டான் (கூடை) முடையுற கை, குளோசப்]

ஆனா எனக்கு ருசியான இடம் லெவின், கிட்டி ஜோடி. நாவல்ல நல்லா வாழ்றவங்க. அது அச்சு அசல் டால்ஸ்டாயும் சோஃபியாவும்தான்! 1862-ல கல்யாணம், அவருக்கு 34, பொண்ணுக்கு 18. சாக்பீஸால வெறும் முதல் எழுத்துகளை எழுதி மனசைச் சொன்னது, போட்டுக்க சட்டை இல்லாம மாப்பிள்ளை சர்ச்சுக்கு லேட்டா வந்தது, எல்லாம் அவர் வீட்டு சமாச்சாரம். கல்யாணத்துக்கு முன்னாடியே தன் பழைய பொம்பளை சகவாசமெல்லாம் எழுதி வச்சிருந்த டைரியைக் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கார், பொண்ணு அழுது தீர்த்துடுச்சு. வளவுல உக்காந்து கொட்டான் முடைஞ்சுக்கிட்டிருந்த எங்க அப்பத்தாட்ட இதைச் சொன்னேன், "நம்ம இசைகுடிமானத்துல சீர் கணக்கு எழுதுவாக, இவுக சகவாசக் கணக்கை எழுதிக் குடுத்தாகளாக்கும்"னு ஒரே சிரிப்பு. இசைகுடிமானம்னா எங்க பக்கத்துக் கல்யாண ஒப்பந்தம்.

அந்த நல்ல ஜோடிதான் பின்னாடி நாறிப்போச்சு. 13 பிள்ளை பெத்த பிறகு, 1910-ல, 82 வயசுல, டால்ஸ்டாய் ராத்திரியோட ராத்திரியா சொல்லாம கொள்ளாம வீட்டை விட்டுக் கிளம்பிட்டார். வழியில நிமோனியா, அஸ்தபோவோ ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுல படுத்துட்டார். சோஃபியா தனி ரயில் பிடிச்சு வந்தும் கூட இருந்தவங்க உள்ள விடல. ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துக்கிட்டு நின்னாங்க.

அப்பத்தா ஓலையைக் கீழ வச்சுட்டாங்க. "கடைசிலயாச்சும் உள்ள விட்டாகளா?"

விட்டாங்க அப்பத்தா, அவருக்கு நினைவு தப்புன பிறகு.