நோட்டில் யார் முகம்?

நேயர்களுக்கு வணக்கம். புது நாடு என்றதும் கொடியும் தேசிய கீதமும்தான் நினைவுக்கு வரும். நான் பணத்திலிருந்து தொடங்குகிறேன்.

கஜகஸ்தான் 1991 டிசம்பர் 16 அன்று சுதந்திரம் அறிவித்தது. சோவியத் குடியரசுகளில் அதுதான் கடைசி. அதற்குப் பிறகும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அங்கே கடைத்தெருவில் புழங்கியது ரூபிள்தான். ரூபிள் அச்சகமோ ரஷ்யாவிடம். நாடு தன்னுடையது, பணம் இன்னொருவருடையது.

1993 ஜூலையில் ரஷ்யா பழைய ரூபிள் நோட்டுகளைத் தன் எல்லைக்குள் செல்லாது என்றது. பழைய நோட்டு செல்லாது என்றால் வங்கி வாசல் எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நோட்டெல்லாம் எங்கே போகும்? எங்கே இன்னும் செல்லுமோ அங்கே. கஜகஸ்தானில் வந்து குவிந்தது, விலைவாசி எகிறியது.

அதிபர் நூர்சுல்தான் நசர்பாயெவ் ரூபிளிலேயே தொடரத்தான் பேச்சு நடத்தினார். மாஸ்கோ போட்ட நிபந்தனைகள் கடுமையானவை. ஆனால் பேச்சு நடக்கும்போதே கஜகஸ்தானின் சொந்தப் பணமான 'டெங்கே' நோட்டுகள் இங்கிலாந்தில் ரகசியமாக அச்சாகிக்கொண்டிருந்தன. தலைவரின் பங்கு என்று நான் கருதுவது இந்த முன்யோசனையைத்தான்.

வேலை நடந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் சரக்கு விமானங்களில் நோட்டு வந்தது. நாடெங்கும் வங்கிகளுக்குப் போனது. பிறகுதான், நவம்பர் 12 அன்று, அறிவிப்பு. வரிசை மாறியிருந்தால் மக்கள் கையிலிருந்த ரூபிளைக் கொட்டிக் கண்ட சாமானையெல்லாம் வாங்கியிருப்பார்கள், கடைகள் காலியாகியிருக்கும். 15ஆம் தேதி மாற்றம் தொடங்கியது: 500 ரூபிளுக்கு ஒரு டெங்கே. அதே நாளில் உஸ்பெகிஸ்தானும் தன் பணத்தை வெளியிட்டது. இல்லையென்றால் எல்லை தாண்டி ரூபிள் வெள்ளம் அந்தப் பக்கம் பாய்ந்திருக்கும்.

வலி இல்லாமல் போகவில்லை. தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஐந்துக்கும் குறைவாக இருந்த டெங்கே, அடுத்த ஆண்டு முடிவதற்குள் 50-ஐத் தாண்டிச் சரிந்தது. சேமிப்பு கரைந்துபோனது.

மறுபடியும் நோட்டுக்கே வருகிறேன், ஏனென்றால் அடையாளம் அதில்தான் அச்சாகியிருந்தது. ஒரு டெங்கேயில் தத்துவ அறிஞர் அல் ஃபராபி, ஐந்தில் இசைக்கலைஞர் குர்மங்காஸி, இருபதில் கவிஞர் அபாய், நூறில் கஜாக் மன்னர் அபிலாய் கான். 1989 கணக்கெடுப்பில் கஜாக்குகள் சுமார் 40 சதவீதம், ரஷ்யர்கள் அவர்களுக்குச் சற்றே குறைவு. அப்படிப்பட்ட நாட்டில் ரொட்டி வாங்கப் போகிற ஒவ்வொருவர் கையிலும் லெனினுக்குப் பதில் அபாய். அதே மாதம் வெளிவந்த துர்க்மெனிஸ்தானின் மனாத் நோட்டுகளில் இருந்ததோ அதிபர் நியாசோவின் முகம். நசர்பாயெவ் அன்று தன் முகத்தைப் போடவில்லை. அது பெரிய விஷயம்.

தலைநகரை அல்மாத்தியிலிருந்து 1997இல் வடக்கே, கடுங்குளிர் ஸ்டெப்பி புல்வெளிக்கு மாற்றிய கதையை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. இவ்வளவு மட்டும்: 2016இல் வந்த 10,000 டெங்கே நினைவு நோட்டில் நசர்பாயெவின் முகம் வந்தது. 2019இல் அவர் பதவி விலகியதும், அதுவரை அஸ்தானா என்றிருந்த அந்தத் தலைநகருக்கு நூர்சுல்தான் என்று அவர் பெயரையே வைத்தார்கள். 2022இல் அது மீண்டும் அஸ்தானா ஆனது. வணக்கம்.