கலிப்சோவின் வழக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

ஒடிசியஸ் என்றதும் நம்மில் பலருக்கு மரக்குதிரையும் ஒற்றைக்கண் அரக்கனும்தான் நினைவுக்கு வரும். ஆனால் பழங்கிரேக்கக் கவிஞர் ஹோமரின் ஒடிசி காவியத்தில் அவனை நாம் முதன்முதலாக நேரில் பார்ப்பது ஐந்தாம் காண்டத்தில். முதல் நான்கு காண்டங்களும் அவன் இல்லாத வீட்டைப் பற்றியும், அவனைப் பற்றித் துப்புக் கேட்டு அலையும் மகனைப் பற்றியும் பேசி முடிந்துவிடுகின்றன. பிறகுதான் ஓகிஜியா என்ற தீவின் கரையில் ஒரு மனிதன் கடலைப் பார்த்து அழுதபடி உட்கார்ந்திருக்கிறான். பத்தாண்டு ட்ராய்ப் போரை வென்று முடித்தவன், அழுது அழுது கண்ணீர் வற்றாமல் இருக்கிறான்.

அவனை அங்கே வைத்திருப்பவள் கலிப்சோ, அட்லஸின் மகள். கிரேக்கர்கள் நிம்ஃப் என்று சொல்லும் அணங்குகளில் ஒருத்தி. சுனை, ஆறு, மலை, மரம், கடல் என்று இயற்கை எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் உறையும் தெய்வப் பெண்கள் இவர்கள். ஒலிம்பஸ் மலைத் தெய்வங்களைப் போல எட்டாத உயரத்தில் இருப்பவர்கள் அல்லர். ஆடு மேயும் சரிவுக்கும் தண்ணீர் மொள்ளும் ஊற்றுக்கும் அருகிலேயே இருக்கிறார்கள். அதனாலேயே மனிதர்களைக் கண்டு ஆசைப்படுகிறார்கள், அவர்களுக்குப் பிள்ளையும் பெறுகிறார்கள். அந்த உறவுக்கு அவர்கள் கொடுக்கிற விலையைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

ஐந்தாம் காண்டத்தில் ஹெர்மெஸ் வருகிறான், தேவர்களின் அரசன் ஜீயஸின் தூதனாக. கலிப்சோவின் குகையை ஹோமர் நிதானமாகக் காட்டுகிறார். உள்ளே அடுப்பில் தேவதாரு எரிகிற மணம் தீவெங்கும் வீசுகிறது. அவள் பாடிக்கொண்டே பொன் நாடாவை ஓட்டித் தறி நெய்துகொண்டிருக்கிறாள். குகை வாயிலில் திராட்சைக் கொடி குலைகுலையாய்த் தொங்குகிறது. நான்கு ஊற்றுகள், வயலெட் பூத்த புல்வெளி. தேவர்களே வந்தாலும் நின்று வியக்கும் இடம் என்கிறார் கவிஞர். ஹெர்மெஸும் அப்படித்தான் நிற்கிறான். ஒடிசியஸ் மட்டும் அந்தக் குகையில் இல்லை. வழக்கம்போல் கடற்கரையில் அழப் போயிருக்கிறான்.

அவனை விட்டுவிடச் சொல்லி ஜீயஸின் ஆணை வந்ததும் கலிப்சோ நடுங்குகிறாள். அடுத்துப் பொரிந்து தள்ளுகிறாள். நீங்கள் கொடியவர்கள், பொறாமைக்காரர்கள் என்கிறாள். ஒரு தேவி மனிதன் ஒருவனை வெளிப்படையாகத் துணையாகக் கொண்டால் உங்களுக்குப் பொறுப்பதில்லை. வைகறைத் தேவி ஈயோஸ் ஓரியனை விரும்பினாள். வேட்டைத் தேவி ஆர்ட்டெமிஸ் அவனை அம்பால் கொன்றாள். மும்முறை உழுத வயலில் விளைச்சல் தேவி டிமீட்டர் இயாசியன் என்ற மனிதனோடு கூடினாள்; ஜீயஸ் இடியால் அவனைச் சாய்த்தார். இப்போது என் முறையா? இவன் கப்பலை நடுக்கடலில் இடியால் பிளந்தது அதே ஜீயஸ்தானே! ஒற்றை மரக்கட்டையைப் பற்றிக்கொண்டு வந்தவனைக் காப்பாற்றி, சோறு போட்டு வைத்திருந்தது நான் என்கிறாள்.

இந்தப் பேச்சுக்கு ஹெர்மெஸிடம் மறுப்பு இல்லை. ஜீயஸின் கோபத்துக்கு ஆளாகாதே என்று எச்சரித்துவிட்டுப் போய்விடுகிறான். எத்தனையோ பெண்களை மணந்தும் மயக்கியும் திரிந்த ஒலிம்பஸ் ஆண்களுக்கு எதிராக, கிரேக்கக் காவியத்துக்குள்ளேயே ஒரு பெண் தெய்வம் இப்படி வழக்கு வைக்கிறாள். ஒடிசியஸைச் சிறைப்படுத்திய மாயக்காரி என்று மட்டும் கலிப்சோவை விவரிக்கும் சுருக்கங்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. அதே வேளையில் ஹோமர் அவளுக்கு நற்சான்றும் கொடுத்துவிடவில்லை. இரவில், விரும்பும் அவள் பக்கத்தில் விருப்பமில்லாமல் படுத்துக் கிடந்தான் என்று ஒடிசியஸைப் பற்றிப் பச்சையாகவே சொல்கிறார். ஏழு ஆண்டுகள் இப்படி. அவளுக்கு நடந்தது அநியாயம், அவனுக்கு நடந்ததும் அநியாயம். இரண்டையும் ஒரே காண்டத்தில், ஒன்றை வைத்து மற்றதை அழிக்காமல் வைக்கிறார்.

கலிப்சோ கடற்கரைக்குப் போய், உன்னை அனுப்பிவிடுகிறேன் என்று ஒடிசியஸிடம் சொல்கிறாள். அன்று மாலை இருவரும் குகைக்குத் திரும்புகிறார்கள். சற்று முன் ஹெர்மெஸ் எழுந்துபோன அதே இருக்கையில் ஒடிசியஸ் உட்காருகிறான். மனிதர்கள் உண்ணும் உணவையும் பானத்தையும் கலிப்சோ அவன் முன் வைக்கிறாள். அவளுக்குப் பணிப்பெண்கள் அம்புரோசியாவும் நெக்டரும் பரிமாறுகிறார்கள். தேவன் அமர்ந்த இருக்கை கிடைத்தாலும் தேவர் உணவு அவன் வாய்க்குப் போகவில்லை. ஏழாண்டு இந்தக் குகையில் இப்படித்தான் உண்டிருப்பார்கள் போலும், எதிரெதிரே அமர்ந்து, வேறு வேறு உணவை.

அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கலிப்சோ கடைசியாக ஒருமுறை கேட்கிறாள்: இங்கேயே இரு, சாவில்லாதவனாவாய், உன் மனைவியைவிட நான் அழகில் குறைந்தவளா? ஒடிசியஸின் விடை நயமானது. பெனலோப்பி உன்னைவிட அழகிலும் உயரத்திலும் குறைந்தவள்தான். அவள் மனுஷி, நீ சாவும் மூப்பும் இல்லாதவள். ஆனாலும் நாள்தோறும் நான் ஏங்குவது என் வீட்டுக்குத்தான் என்கிறான். அவளைப் புண்படுத்தாமல், பொய்யும் சொல்லாமல், அமரவாழ்வை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறான்.

சாவாவரம் என்பது கிரேக்கர்கள் எண்ணத்தில் எளிதான பரிசு அல்ல. ஹோமர் பெயரால் வழங்கும் துதிப்பாடல்களில் காதல் தேவி அஃப்ரொடைட்டிக்கு உரிய ஒன்று, காவிய யாப்பிலேயே அமைந்தது. ஈயோஸ் தன் காதலன் தித்தோனஸுக்காக ஜீயஸிடம் சாவாமை கேட்டாள், இளமையைக் கேட்க மறந்துவிட்டாள் என்று அதில் வருகிறது. அவன் மூத்து மூத்து, கைகால் அசைக்க மாட்டாமல், ஓயாமல் பிதற்றிக்கொண்டு கிடக்க, அவனை ஓர் அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டாள். அதே பாடலில் மலை அணங்குகளைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. அவர்கள் மனிதர் கணக்கிலும் சேர மாட்டார்கள், அமரர் கணக்கிலும் சேர மாட்டார்கள். நெடுங்காலம் வாழ்வார்கள், அம்புரோசியா உண்பார்கள், தேவர்களோடு ஆடுவார்கள். அவர்கள் பிறக்கும்போதே ஃபிர் மரமும் ஓக்கும் முளைக்கின்றன. மரம் பட்டு, பட்டை உரிந்து, கிளை விழும் நாளில் அணங்கின் உயிரும் கூடவே போகிறது.

கலிப்சோ சாவில்லாதவள். ஆனால் சாவை மிக அருகில் பார்க்கிறவர்கள் இந்த அணங்குகள்தான். ட்ராய்ப் போரைப் பாடும் ஹோமரின் இன்னொரு காவியமான இலியட்டைப் படிக்கும்போது இது இன்னும் உறைக்கும். ஆறாம் காண்டத்தில் ஈசெபஸ், பெடாசஸ் என்று இரட்டையர் போரில் விழுகிறார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த புக்கோலியனுக்கு அபர்பரேயா என்ற நீரணங்கு பெற்ற பிள்ளைகள் என்று ஹோமர் சில அடிகளில் சொல்லிவிட்டு அடுத்த சாவுக்குப் போய்விடுகிறார். இருபதாம் காண்டத்தில், போருக்குத் திரும்பிய கிரேக்க மாவீரன் அகிலிஸ் முதலில் கொல்வது இஃபிதியன் என்பவனை. பனி மூடிய திமோலஸ் மலையடியில் ஒரு நீரணங்கு பெற்ற மகன் அவன். அவன் உடல்மேல் கிரேக்கர்களின் தேர்ச்சக்கரங்கள் ஏறிப் போகின்றன. கொன்றவனும் ஒரு நீரணங்கின் மகன்தான் என்பதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

அகிலிஸின் தாய் தெட்டிஸ், கடலணங்கு, நெரியஸின் மகள். பெலியஸ் என்ற மனிதனுக்கு என் விருப்பத்துக்கு மாறாக ஜீயஸ் என்னைக் கட்டிவைத்தார், அந்தக் கணவன் இப்போது கிழடாகி வீட்டில் கிடக்கிறான் என்று அவளே பதினெட்டாம் காண்டத்தில் சொல்கிறாள். கலிப்சோவின் வழக்குக்கு இதைவிட வலுவான சாட்சி வேண்டாம். தேவி தானாக விரும்பினால் ஆண் தெய்வங்களுக்குப் பொறுக்காது. அவர்களாகவே கட்டிவைத்தால் மட்டும் தகும்.

அதே பதினெட்டாம் காண்டத்தில் நண்பன் பட்ரோக்ளஸ் இறந்த துயரில் அகிலிஸ் புழுதியில் கிடக்கிறான். தெட்டிஸ் கடலிலிருந்து எழுந்து வந்து அவன் தலையைத் தன் கைகளில் ஏந்துகிறாள். பிணத்தின் தலையை இழவுப் பெண்கள் ஏந்தும் முறை அது. மகன் உயிரோடுதான் இருக்கிறான். ஆனால் பட்ரோக்ளஸைக் கொன்ற ட்ராய் வீரன் ஹெக்டரைக் கொன்றால் அடுத்தது அவன் சாவுதான் என்று அவளுக்குத் தெரியும். மகனுக்குப் புதுக் கவசம் வேண்டிக் கொல்லர் தெய்வம் ஹெஃபெஸ்டஸின் உலைக்களத்துக்கு அவள்தான் போகிறாள். அவனைச் சாவுக்குக் கொண்டுபோகும் போருக்கான கேடயத்தை அவளே தூக்கி வருகிறாள்.

இருபத்து நான்காம் காண்டத்தில் ஜீயஸ் அழைத்தனுப்பும்போது அவள் சொல்வதைக் கேளுங்கள். அமரர்கள் நடுவே போய் நிற்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது, என் மனதில் முடிவில்லாத துயரம். அதைவிடக் கரியது இல்லை என்னும்படியான கறுப்பு முக்காட்டைப் போட்டுக்கொண்டு போகிறாள். ஜீயஸின் மகள் அதீனா எழுந்து இடம் விடுகிறாள், அவர் மனைவி ஹீரா பொற்கிண்ணம் நீட்டுகிறாள். ஜீயஸும் பதினாறாம் காண்டத்தில் தன் மகன் சர்ப்பெடோனைக் காக்க முடியாமல் இரத்த மழை பொழிந்தவர்தான். ஆனால் அவர் அத்தோடு மீண்டுவிடுகிறார். தெட்டிஸ் காவியம் முழுவதும் துக்கம் காக்கிறாள்.

ஒடிசியஸுக்குத் திரும்புவோம். கலிப்சோ ஆணைக்குப் பணிந்தபின் அரைமனதாக நடந்துகொள்ளவில்லை. கோடாலி கொடுக்கிறாள், நல்ல மரம் நிற்கும் இடம் காட்டுகிறாள். அவன் இருபது மரங்களை வெட்டுகிறான், நான்கு நாளில் கலம் தயார். பாய்க்குத் துணி, ஒரு தோற்பை நிறைய மது, பெரிய தோற்பை நிறையத் தண்ணீர். வடக்கு விண்மீன் கூட்டமான கரடியை இடக்கைப் பக்கம் வைத்துப் போ என்று வழி சொல்கிறாள். பதினேழு நாள் ஓடுகிறது கலம். பிறகு கடலரசன் பொசைடன் புயலைக் கிளப்பக் கடலில் விழுகிறான். கலிப்சோ உடுத்திவிட்ட ஆடைகள் தண்ணீரில் ஊறி அவனைக் கீழே இழுக்கின்றன. அவனைக் காப்பாற்ற வருபவள் ஈனோ. ஒரு காலத்தில் மானிடப் பெண்ணாக இருந்து பிறகு கடல்தெய்வமானவள். அந்த ஆடைகளைக் களைந்துபோடு, என் முக்காட்டை மார்பில் கட்டிக்கொள், கரை சேர்ந்ததும் திரும்பிப் பார்க்காமல் இதைக் கடலில் எறிந்துவிடு என்கிறாள்.

இத்தனைக்கும் பிறகு பதின்மூன்றாம் காண்டத்தில் தன் சொந்தத் தீவான இத்தாக்காவில் கால் வைக்கிறான். அந்தத் துறைமுகத்தருகே அணங்குகளின் குகை ஒன்று உண்டு. உள்ளே கல் தறிகள், தேனீக்கள் கூடு கட்டிய கல் சாடிகள், வற்றாத தண்ணீர். குகைக்கு இரண்டு வாசல். வடக்கு வாசல் மனிதர்களுக்கு, தெற்கு வாசல் தெய்வங்களுக்கு. அந்தத் தெற்கு வாசலில் மனிதர் நுழைவதில்லை. சொந்த மண் என்று தெரிந்ததும் ஒடிசியஸ் தரையை முத்தமிட்டுவிட்டு, கைதூக்கி முதலில் வேண்டுவது இந்த அணங்குகளைத்தான். உங்களை இனிப் பார்ப்பேன் என்று நினைக்கவே இல்லை, முன்போலவே காணிக்கை தருவேன் என்கிறான். ஓர் அணங்கிடம் ஏழாண்டு சிக்கிக் கிடந்தவன் சொல்லும் சொல் இது.

இன்றைய இத்தாக்கா தீவின் போலிஸ் விரிகுடாவில் 1930களில் பிரிட்டிஷ் தொல்லியலாளர் சில்வியா பென்டன் ஒரு குகையை அகழ்ந்தார். முக்காலி வெண்கலப் பாத்திரங்களும், அணங்குகளுக்குப் படைத்த பொருள்களும், ஒடிசியஸுக்கு நேர்ந்துகொண்டது என்று எழுதிய சுடுமண் முகமூடித் துண்டு ஒன்றும் அங்கே கிடைத்தன. அணங்குகளுக்கும் அவனுக்கும் அந்த ஊர்க்காரர்கள் ஒரே குகையில் வழிபாடு நடத்தியிருக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.