வஞ்சினமும் ஒரு படிவமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அரங்கம் தந்து உதவிய நூலகர் அம்மா அவர்களே, பொன்னாடை போர்த்திய செயலாளர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் பேராசிரியர் பெருமகனார் அவர்களே, திரளாக வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வஞ்சினம், சூள் என்னும் சத்தியம், உறுதிமொழி என்று மூன்றைப் பற்றியும் பேசப் பணித்திருக்கிறார்கள். வஞ்சினத்தில் தொடங்குகிறேன்.

'இன்னது பிழைப்பின் இதுவாகியர்' என்கிறார் தொல்காப்பியர். இதைச் செய்யத் தவறினால் எனக்கு இந்தக் கதி வரட்டும் என்று பொருள். வெறுமனே 'செய்வேன்' என்றால் போதாது. தவறினால் எதை இழப்பேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாண்டிய மன்னன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் புறநானூறு 72ஆம் பாட்டில் சொல்கிறான்: பகைவரை வெல்லாவிட்டால் என் குடிகள் என்னைக் கொடியவன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் விடட்டும், இரப்பவருக்குக் கொடுக்க முடியாத வறுமை என்னைச் சேரட்டும். புலவர் பாடாமல் போவதை எத்தனை பெரிய தண்டனையாக நினைத்திருக்கிறான் பாருங்கள்!

இன்று நாம் கைநீட்டி எடுக்கும் உறுதிமொழிகளில் அந்தத் 'தவறினால்' எங்கே? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

எங்கள் கண்தான முகாமுக்கு ஒரு பாட்டி வந்தார். படிவத்தில் கைநாட்டு வைத்தார். அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு நேரே வீட்டுக்குப் போனார். மூன்று மகன்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். "டேய், என் உயிர் போனதும் முதல் போன் கண் வங்கிக்குப் போகணும். போகலைன்னா எவனும் என் படத்துக்கு மாலை போடக் கூடாது" என்றார். மூத்தவர், "ஏம்மா இப்படிப் பேசுறே?" என்று அழுதிருக்கிறார். "அழுவுறதை அப்புறம் வெச்சுக்க, நம்பரை எழுதிக்க" என்றாராம் பாட்டி! அவர் மறைந்த இரவு, பெரிய மருமகள்தான் மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரப் பஞ்சை வைத்தார். மூத்தவர் போன் செய்தார். குழு வந்து கண்களை எடுத்துச் சென்றது.

வஞ்சினம் என்றால் இதுதான் ஐயா! கையெழுத்துப் போட்ட அட்டை பீரோவிலேயே கிடந்தால் யாருக்குப் பார்வை வரும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. இறந்து 6 மணி நேரத்துக்குள் கண்களை எடுத்தாக வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் சொன்னால்தான் குழு வரும்.

சூளைப் பற்றிப் பேச இன்று நேரமில்லை. தலைவர் அவர்கள் பொறுத்தருள வேண்டும். வாசலில் மேசை போட்டிருக்கிறோம். கண்ணாடி போட்டவர்கள், புரை அறுவை செய்துகொண்டவர்கள், எந்த வயதினரும் கொடுக்கலாம். தனியாக வராதீர்கள், மகனையோ மருமகளையோ பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். நன்றி, வணக்கம்.