ஊசியைப் பறித்த நகரம்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் வைத்தியப் பெருமக்களே, மாநகர சபை உறுப்பினர்களே, கடையைப் பூட்டிவிட்டு வெள்ளவத்தை வரை வந்திருக்கும் மருந்தக உரிமையாளர்களே (இன்று எனக்கு வேண்டியவர்கள் நீங்கள்தாம்), தாய்மாரே, இளைஞர்களே, அனைவருக்கும் பணிவான வணக்கம்.

போதைப்பொருளை ஊசியால் ஏற்றிக்கொள்வோரிடையே எச்.ஐ.வி. தொற்று ஊருக்கு ஊர், இனத்துக்கு இனம் வேறுபடுவது ஏன் என்பதை இடம், இனம், சட்டம் என்னும் மூன்று தலைப்புகளில் பேசுவதாக அழைப்பிதழில் அச்சிட்டுவிட்டார்கள்.

இடத்திலிருந்து தொடங்குகிறேன். ஸ்கொட்லாந்தின் எடின்பரோவும் கிளாஸ்கோவும், நம் கொழும்பும் கேகாலையும் போல, அண்டை ஊர்கள். 1980களின் தொடக்கத்தில் இரண்டிலும் ஹெரோயின் மலிந்தது. எடின்பரோவில் பொலிஸார் ஊசி வைத்திருந்தவர்களைச் சோதித்துப் பறித்தார்கள்; மருந்தகங்களும் விற்கத் தயங்கின. போதை குறையவில்லை, ஊசிதான் குறைந்தது. ஓர் அறைக்குள் பலர் கூடி ஒரே ஊசியைக் கைமாற்றினர். குழாய்க்குள் பின்வாங்கிய ஒருவரின் இரத்தம் அடுத்தவரின் நாளத்துக்குள் சென்றது. எடின்பரோவின் மியூர்ஹவுஸ் என்னும் பகுதியின் குடும்ப வைத்தியர்கள், ஹெரோயின் பாவித்த நோயாளிகளின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது, 164 பேரில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தொற்று இருந்தது. அது 1986இல் வெளியானது. கிளாஸ்கோவிலோ சொற்பமே. கிளாஸ்கோக்காரர் ஒழுக்கசீலர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே ஊசி கிடைத்தது, அவ்வளவுதான். பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுக்கும் ஊசி மாற்று நிலையங்களை அரசு பரீட்சார்த்தமாகத் திறந்தது 1987இல்: கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

இனத்துக்கு வருவோம். அமெரிக்காவில் ஊசி ஏற்றும் கறுப்பினத்தவரிடையே தொற்று வெள்ளையரைவிட அதிகம். ஆனால் அவர்கள் ஊசியைக் கூடுதலாகப் பகிர்வதில்லை என்றே பல ஆய்வுகள் காட்டின. ஒதுக்கப்பட்ட குடியிருப்புக்குள் தொற்று முன்பே பரவியிருந்ததும், சிகிச்சை பிந்தியதும், சிறையுமே காரணம். தோலில் ஏதுமில்லை என்பதற்கு இந்தியானா மாநிலத்தின் ஒஸ்டின் சாட்சி: ஏறத்தாழ 4,000 பேர் வாழும், பெரும்பாலும் வெள்ளையரின் அச்சிற்றூரை மையமாகக் கொண்டு, வலிநிவாரணி மாத்திரையைக் கரைத்து ஏற்றியவர்களிடையே பரவிய தொற்று 200ஐத் தாண்டியது. ஊசி மாற்றை எதிர்த்துவந்த ஆளுநர் 2015இல் அவசர அனுமதி வழங்கினார். மீண்டும் அதே நமஸ்காரம்!

சட்டம் பற்றிப் பேசுமுன் தலைவர் மணியடித்துவிட்டார். அவர் பொறுமைக்கு நன்றி. நம் நாட்டில் ஹெரோயின் பாவிப்போரில் பெரும்பாலோர் அதைப் புகையாகவே இழுக்கின்றனர். நாட்டில் தொற்றும் மிகக் குறைவு. ஆகவே கண் கெடுவதற்கு முன்பே, மருந்தக உரிமையாளர்களே, ஊசி கேட்டு வருபவரை விரட்டாது புதிய ஊசியைக் கொடுங்கள். ஊசி வைத்திருப்பதற்காக எவரையும் கைது செய்யக் கூடாதென்று கோரும் மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. கையொப்பமிட்டுவிட்டுத் தேநீர் அருந்தச் செல்லுங்கள். வணக்கம்.