உதட்டுக் கொப்புளத்துக்கு வேர்க்கடலை மேல் பழி வேண்டாம்

(ஆந்திராவின் நகரியில் விசைத்தறிக் குடும்பங்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள், நேராக விஷயத்துக்கு வருகிறேன். உதட்டோரத்தில் அடிக்கடி கொப்புளம் வருகிறவர்கள் இப்போது வேர்க்கடலையைக் கண்டாலே பயப்படுகிறார்கள். ‘கடலையை நிறுத்து, லைசின் மாத்திரை போடு’ என்று செல்போனில் செய்தி சுற்றுகிறது. என்னிடம் வந்த ஓர் அம்மா கடலைச் சட்னியை விட்டுவிட்டு, களிக்கு வெறும் ஊறுகாயைத் தொட்டுச் சாப்பிடுகிறாராம். கேட்டதும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்தச் செய்தி முழுப் பொய்யும் இல்லை. இந்தக் கொப்புளத்தைக் கிளப்புவது ஹெர்பிஸ் என்ற வைரஸ். அது பெருக ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம், அதாவது புரதத்தைக் கட்டும் துண்டுகளில் ஒன்று, வேண்டும். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனித செல்களை வைத்து 1964-லேயே இதைக் காட்டிவிட்டார்கள். லைசின் இன்னோர் அமினோ அமிலம், ஆர்ஜினினோடு போட்டி போடக்கூடியது. 100 கிராம் வேர்க்கடலையில் ஆர்ஜினின் சுமார் 3 கிராம், லைசினோ ஒரு கிராமுக்கும் குறைவு. தேங்காயும் அந்த வகைதான். பால், தயிர், மீனில் லைசின் கை ஓங்கியிருக்கும். கணக்கு சரிதானே என்று தோன்றும்.

ஆனால் ஆய்வுக்கூடக் குப்பியில் வளரும் செல் வேறு, மனித உடம்பு வேறு. வெளியிலிருந்து நூல் வராவிட்டால் தறி நின்றுவிடும். நம் உடம்போ தனக்கு வேண்டிய ஆர்ஜினினைத் தானே நூற்றுக்கொள்கிறது. சட்னியை நிறுத்தி வைரஸைப் பட்டினி போட முடியாது. களியும் சோறும் தின்கிற வீட்டில் கடலையை எடுத்துவிட்டால் போவது புரதம்தான். சாப்பிட்டதும் எனக்குக் கொப்புளம் வருகிறது என்று ஒருவர் திரும்பத் திரும்பக் கவனித்திருந்தால், சரி, அவர் குறைத்துக்கொள்ளட்டும். ஊருக்கே பத்தியம் வேண்டாம்.

லைசின் மாத்திரைக்கு வருவோம். 1987-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தினம் 3 கிராம் வீதம் ஆறு மாதம் சாப்பிட்டவர்களுக்குக் கொப்புளம் குறைந்தது. வேறு ஆய்வுகளில் பலன் தெரியவில்லை. 2015-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, கொப்புளம் வராமல் தடுக்க லைசின் உதவும் என்பதற்குச் சான்று இல்லை என்றது. 2017-இல் வந்த இன்னொரு மீளாய்வு, ஒரு கிராமுக்குக் கீழே பயனே இல்லை, 3 கிராமுக்கு மேல் போனால் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கலாம் என்றது. 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் நாளுக்கு ஆறு! சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. அந்தக் காசுக்குப் பருப்பும் முட்டையும் கொய்யாப்பழமும் வாங்குங்கள் என்பேன்.

சரி, கொப்புளம் எதனால் திரும்பத் திரும்ப வருகிறது? ஒருமுறை நுழைந்த வைரஸ் முகத்து நரம்பின் முடிச்சில், மண்டைக்குள், ஆயுள் முழுக்கப் படுத்திருக்கும். காய்ச்சல், கடும் வெயில், மாதவிலக்கு, மனக்கவலை, உடல் அசதி இவைதான் அதை எழுப்பிவிடுகின்றன. ராத்திரி முழுக்கத் தறியோடு நின்றுவிட்டு, பகலில் பிள்ளைகள் சத்தத்தில் இரண்டு மணி நேரம் கண்ணயர்கிறவர்களை நான் பார்க்கிறேன். அவர்களிடம் போய்க் கடலையை விடு என்று சொல்வது அநியாயம். ஷிப்டை முறைவைத்து மாற்ற முடியுமா என்று முதலாளியிடம் பேசுங்கள். மே மாத வெயிலில் புத்தூருக்கு வண்டியில் போகும்போது வாயை மறைத்துத் துணி கட்டுங்கள்.

வெட்கமும் வேண்டாம். ஐம்பது வயதுக்குட்பட்டவர்களில் 64 சதவீதம் பேருக்கு, உதட்டுக் கொப்புளம் தரும் இந்த முதல் வகை ஹெர்பிஸ் வைரஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனமே கணக்கிடுகிறது. பலருக்குச் சின்ன வயதில் பெரியவர்கள் கொடுத்த முத்தத்தில் வந்தது. ஒன்று மட்டும்: கொப்புளம் இருக்கும்போது பச்சைக் குழந்தைக்கு முத்தம் கொடுக்காதீர்கள். அதன் உயிருக்கே ஆபத்தாகலாம்.

அப்புறம், இடுப்பிலோ முதுகிலோ பட்டையாக எரிச்சலோடு வரும் அக்கி. அது சின்னம்மை வைரஸின் வேலை, வேறு ஆள். சாப்பாட்டுக்கு அங்கே கொஞ்சம் சம்பந்தம் இருக்கலாம். லண்டனில் நடந்து 2006-இல் வெளிவந்த ஆய்வில், வாரத்துக்கு ஒரு பழம்கூடச் சாப்பிடாதவர்களுக்கு, தினம் மூன்று முறைக்கு மேல் பழம் சாப்பிட்டவர்களைவிட அக்கி வரும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் அதிகமாக இருந்தது. இதனால்தான் அது என்று நிரூபணம் ஆகவில்லை, ஆனாலும் பழம் தின்பதில் நஷ்டமில்லை.

அக்கி எழுதக் குயவர் வீட்டுக்குப் போகும் வழக்கத்தை நான் பழிக்கவில்லை. காவி பூசினால் குளிர்ச்சியாக இருக்கும், வைரஸை அது தொடாது. வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் போன்ற மாத்திரையைக் கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். அதனால் முதலில் ஆஸ்பத்திரி. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் கண்டால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விடுங்கள், அது பார்வையையே பறிக்கக்கூடியது.